வலது சுவர் மட்டும்

உக்காருங்க அண்ணாச்சி, உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். ஒன்னும் கனமில்ல, ஆப்பிளும் கொஞ்சம் அல்வாவுந்தான். யாருக்குன்னா கேக்கிய? திருடிக்கு. சிரிக்காதிய, நெசமாத்தான் சொல்லுதேன். என் கடையில திருடிட்டுப் போனவ வீட்டுக்கு நானே பழம் வாங்கிட்டுப் போறேன். காலம் அப்பிடிக் கெடக்கு.

பஸ்ஸு மடத்துப்பட்டி விலக்கு வர இன்னும் நேரம் இருக்குல்லா? அப்ப சொல்லுதேன். உங்களுக்கும் பொழுது போகணும்லா. ஜன்னலை மட்டும் கொஞ்சம் தெறந்து வைங்க, ரெண்டு நாளா தலை ஒரு மாதிரி கிறுகிறுன்னு வருது.

சங்கரன்கோவில்ல நயினார் மெடிக்கல்ஸ்னா தெரியாத ஆளு கெடையாது. டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு நேர் எதுத்தாப்ல. அந்தம்மா எழுதுத சீட்டு ரோட்டைத் தாண்டுனா என் கடை. நான்தான் ஆறுமுகநயினார். இத்தனை வருசமா கல்லாவை விட்டு எந்திரிச்சது கெடையாது, அம்புட்டு உழைப்பு.

நீங்க மருந்துக்குப் படிச்சவியளான்னு கேப்பிய. எல்லாரும் கேப்பாவ. கடைக்குப் படிச்சவன் சர்டிபிகேட்டு ஒன்னு வேணும், அவ்வளவுதான். அது கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு. ஆளு மஸ்கட்ல இருக்கான், என் மச்சினன் மருமகன். மாசம் பொறந்தா ஒரு தொகை அனுப்பிருவேன். தங்கமான பையன். லீவு கேக்க மாட்டான், டீ கேக்க மாட்டான், அவன் பாட்டுக்கு ஆணியில தொங்கிட்டுக் கெடப்பான். அதைப் பாத்து இந்தப் புள்ளைகளுக்குப் பொறாமை. "தொங்குத பேப்பருக்கு எங்களை விடக் கூடக் குடுக்கியளே மொதலாளி"ன்னு இசக்கி ஒரு நாள் கேட்டா பாத்துக்கிடுங்க. ஏட்டி, அவன் படிச்சவன், நீ என்ன படிச்சிருக்கேன்னு கேட்டேன். பன்னெண்டாவதுன்னா. பெறவு என்ன பேச்சுன்னு கேட்டேன். வாயை மூடிட்டா. நியாயத்தைச் சொன்னா யாரா இருந்தாலும் வாயை மூடித்தான் ஆகணும்.

இசக்கியம்மாள்னு பேரு. அவதான் திருடி. அவளுக்குக் கூட்டாளி ஒருத்தி, ஜெபராணி. ரெண்டும் பன்னெண்டாவது முடிச்ச கையோட வந்ததுக. இசக்கிக்கு அப்பன் மட்டும், தீப்பெட்டி ஆபீஸ்ல கூலி. கையெடுத்துக் கும்பிட்டு, "மேல படிக்க வைக்க வசதி இல்ல, உங்க கடையில நின்னு தொழிலாவது கத்துக்கிடட்டும்"னான். என் கெட்ட நேரம், மனசு எளகிட்டு.

எங்க கடையில ஒரு முறை உண்டு அண்ணாச்சி. மொத வருசம் பயிற்சி. பயிற்சின்னா சம்பளம் கெடையாது, பஸ்ஸுக்கு மட்டும் குடுப்பேன். அதுக்காக நான் பீஸ் வாங்குதனா? ஒத்தப் பைசா வாங்குததில்ல. வெளிய காலேஜ்ல சேந்தா எம்புட்டு வாங்குவான்? அதைக் கணக்குப் பாத்தா, மாசா மாசம் அம்புட்டு ரூவாயை நான் அந்தப் புள்ளைக கையில குடுக்கேன்னுதானே அர்த்தம்? இதை எடுத்துச் சொன்னா அதுகளுக்குப் புரியாது. கணக்குல வீக்கு.

ரெண்டாவது வருசத்துல இருந்து சம்பளம் உண்டு. எம்புட்டுன்னு கேக்காதிய, குடுத்ததைச் சொல்லிக் காட்டுத பழக்கம் எனக்கு இல்ல. தீப்பெட்டி ஆபீஸ் கூலியை விடக் கொஞ்சம் கம்மி. ஆனா ஃபேன் காத்துல்லா? நெழல்ல நின்னு பாக்குத வேலைல்லா? அதை யாரு சேத்துப் பாக்கா.

என்னத்த கத்துக் குடுப்பேன்னு கேளுங்க. மொத ஆறு மாசம் தூசி தட்டணும். பெட்டி பெட்டியா எறக்கித் தொடச்சு, இருந்த எடத்துலயே வைக்கணும். அதுலயே எது எங்க இருக்குன்னு கைக்குத் தெரிஞ்சிரும். பெறவு எங்க வீட்டுப் பயலை டியூஷன்ல விடணும், கூட்டிட்டு வரணும். அது பொறுப்பு கத்துக்க. மத்தியானம் எனக்குச் சாப்பாட்டுக் கேரியர் கழுவணும். அது சுத்தம். மருந்துக் கடையில சுத்தம் முக்கியம்லா? நிக்கப் பழகணும். காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் நிக்கணும். இந்த ஜெபராணி ஒரு நாள் காலு வீங்கிட்டு, ஒரு ஸ்டூல் போடுங்க மொதலாளிங்கா. உக்காந்தா தூக்கம் வரும், தூங்குனா மருந்து மாறும், மருந்து மாறுனா உசுரு போகும். ஒரு உசுரு முக்கியமா, உன் காலு முக்கியமான்னு கேட்டேன்.

இனிமேதான் முக்கியமான விசயம். பரமசிவன்னு ஒருத்தன் முந்தி எங்கிட்ட இருந்தான். எல்லாத்தையும் கத்துக் குடுத்தேன். அதாவது அவனாக் கத்துக்கிட்டான், ஆனா என் கடைக்குள்ள நின்னுல்லா கத்துக்கிட்டான்? முழுசாக் கத்துக்கிட்டு ராஜபாளையத்துல தனியாக் கடை போட்டுட்டான். பத்திரிகை வைக்க வந்தான். எனக்கு வயிறு எரிஞ்சுட்டு. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இனிமே எவனுக்கும் முழுசாக் கத்துக் குடுக்கப்பிடாதுன்னு.

நல்லாக் கேளுங்க, இது என் சொந்த மூளை. கடையில ரெண்டு சுவரு. இடது சுவத்துல பிரஷரு, சுகரு, இருதயம், நரம்பு. வலது சுவத்துல காய்ச்சலு, சளி, வயித்து வலி, புள்ளைக மருந்து, களிம்பு. ஜெபராணிக்கு இடது சுவரு. இசக்கிக்கு வலது சுவரு. அவ இதைத் தொடப்பிடாது, இவ அதைத் தொடப்பிடாது. ஒரு சீட்டுல ரெண்டு சுவத்து மருந்தும் இருந்தா, ஜெபராணி தன் பங்கை எடுத்து வச்சுட்டுச் சீட்டை இசக்கிகிட்டத் தள்ளணும். எவளும் முழு ஆளு ஆக முடியாது. அரை ஆளை எவன் வேலைக்கு எடுப்பான்? எங்கிட்டதானே நிக்கணும்? எப்பிடி இருக்கு! வக்கீலு ஒருத்தர் கேட்டுட்டு, "நயினார், நீரு இருக்க வேண்டிய எடமே வேற"ன்னாரு.

நல்லாத்தான் போச்சு. ஜெபராணிக்கு ஒரு கோட்டிப் பழக்கம் உண்டு, சொல்ல மறந்துட்டேன். படிக்கத் தெரியாத கெழவன் கெழவி வந்தா, மாத்திரை போடுத கவர் மேல படம் வரைஞ்சு குடுப்பா. காலையில போடுததுக்குச் சூரியன். ராத்திரிக்கு நிலா. எனக்கும் பிரஷரு உண்டு, எனக்குரிய மாத்திரையும் அப்பிடித்தான் வரும். சூரியனுக்குக் கண்ணு மூக்கெல்லாம் வச்சிருப்பா. பேனா மை என்ன சும்மாவா வருது, கடையில நின்னு கோலம் போடுதியான்னு திட்டியிருக்கேன். கேக்க மாட்டா.

ஒரு நாள் மத்தியானம் பேங்குக்குப் போனவன் மூக்குக் கண்ணாடியைக் கடையில மறந்துட்டு வந்துட்டேன்னு திரும்பிப் போனேன். கடைக்குள்ள சிரிப்புச் சத்தம். எட்டிப் பாத்தா, இசக்கி இடது சுவத்துப் பக்கம் கண்ணை மூடிட்டு நிக்கா. ஜெபராணி சோத்து டப்பாவை மடியில வச்சுக்கிட்டு ஒவ்வொரு மருந்து பேராச் சொல்லுதா. சொல்லச் சொல்ல இவ கையை நீட்டித் தொடுதா. தொட்ட பெட்டியெல்லாம் சரி! அது எதுக்குக் குடுக்கது, எதோட சேக்கப்பிடாது, எல்லாம் ஒப்பிக்கா. நான் பாத்துட்டே நிக்கேன். என் கண்ணு முன்னால என் சுவரு போகுது அண்ணாச்சி! பணத்தைத் திருடுனா போலீஸ்ல சொல்லலாம். சுவத்தைத் திருடிட்டான்னு எந்த ஸ்டேஷன்ல போயி எழுதிக் குடுக்க?

சாப்பாட்டு நேரத்தைப் பிரிச்சு வச்சேன். ஒருத்தி முன்ன, ஒருத்தி பின்ன. அப்பவும் தீரல. பஸ் ஸ்டாண்டுல நின்னு படிச்சிருக்காளுவ. ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்ஸு. அதை எப்பிடிப் பிரிக்க?

கோயில் கொடைன்னு இசக்கி ஒரு நாள் லீவு. நல்ல கூட்டம். ஜெபராணி ஒத்தையில ரெண்டு சுவத்தையும் பாத்தா. ஒரு ஆளு காத்து நிக்கல, ஒரு சீட்டு திரும்பல. கல்லா நெறஞ்சுட்டு. வேற மொதலாளியா இருந்தா சந்தோசப்படுவான். எனக்கு நெஞ்செல்லாம் எரிஞ்சுட்டு. அன்னைக்கு ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சேன். ஒருத்திக்கே ரெண்டு சுவரும் தெரியும்னா, எனக்கு எதுக்கு ரெண்டு பேரு?

சரிதானே? நீங்க என்ன செஞ்சிருப்பிய? அதைத்தான் நானும் செஞ்சேன். மறுநாள் இசக்கி கோயில் பிரசாதம் கொண்டாந்து நீட்டுனா. வாங்கி நெத்தியில பூசிக்கிட்டு, தாயி, இனிமே நீ வர வேண்டாம், உன் பயிற்சி முடிஞ்சுட்டுன்னேன். எவ்வளவு மரியாதையாச் சொல்லியிருக்கேன் பாருங்க, பயிற்சி முடிஞ்சுட்டுன்னு! அவ சுவத்தை ஒரு தடவை பாத்தா, செருப்பை மாட்டுனா. திரும்பிப் பாக்கேன், ஜெபராணியும் டப்பாவை எடுத்துக்கிட்டு எறங்குதா. ஏட்டி, நீ எங்க போற, உன்னை நான் ஒன்னும் சொல்லலையேன்னேன். "எனக்கும் முடிஞ்சுட்டு மொதலாளி"ங்கா. நான் நிப்பாட்டுனது ஒருத்தியை. போனது ரெண்டு பேரு. இதுல ஒழுக்கம் எங்க இருக்குங்கேன்.

பெறவு என்ன, நான் எந்திரிச்சேன். கல்லாவுல இருந்து பாத்தா அழகா அடுக்கி வச்ச பெட்டிக. எந்திரிச்சுப் பக்கத்துல போயிப் பாத்தா அம்புட்டும் ஒன்னு போலப் பெட்டிக. டாக்டரம்மா எழுத்து வேற, கோழி கிண்டுன மாதிரி. அந்தப் புள்ளைக எப்பிடி அதை வாசிச்சுதுகளோ. வந்த ஆளுகிட்டயெல்லாம் ஸ்டாக் இல்லன்னேன். கடை நெறயச் சரக்கை வச்சுக்கிட்டு ஸ்டாக் இல்ல, ஸ்டாக் இல்லன்னு சொல்லுதது எம்புட்டுக் கொடுமை தெரியுமா? தெரியாம எதையும் எடுத்துக் குடுத்திரல அண்ணாச்சி, அம்புட்டுக்கு எனக்குப் பயம் உண்டு. மஸ்கட்டுக்குப் போன் அடிச்சேன். அவன் அங்க டைல்ஸ் கம்பெனியில இருக்கானாம், மருந்தெல்லாம் மறந்து போச்சு மாமாங்கான்.

நேத்து டாக்டரம்மா ரோட்டைத் தாண்டிக் கடைக்கே வந்துட்டாவ. அந்தம்மா வந்ததே கெடையாது. "நயினார், என் நோயாளிக சீட்டைக் கையில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் அலையுதாவ. திங்கக்கெழமை அந்த ரெண்டு புள்ளைகளும் உங்க கடையில நிக்கணும். இல்லைன்னா ஆஸ்பத்திரிக் கீழ் ரூம்ல நான் சொந்தமாக் கடை போட்டுக்கிடுவேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாவ. அந்தச் சீட்டு ரோட்டைத் தாண்டலைன்னா நயினார் மெடிக்கல்ஸ் இல்ல அண்ணாச்சி. அன்னைக்கே சட்டரை எறக்கிர வேண்டியதுதான். பேர் சொல்லிக் கூப்பிட்டாவ, இசக்கி ஜெபராணின்னு. என் சர்டிபிகேட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

அதான் பழம். இசக்கி வந்தா மத்தவளும் வந்திருவா, ரெண்டும் ஒட்டிப் பொறந்த மாதிரி.

வருவாளான்னு கேக்கிய. அதுல ஒரு சிக்கலு. திருநெல்வேலியில பெரிய கம்பெனிக் கடை ஒன்னு வந்திருக்கு. ரெண்டையும் எடுத்துக்கிடுதானாம். மூணு மாசம் வகுப்புல உக்கார வச்சுக் கத்துக் குடுப்பானாம், அந்த மூணு மாசத்துக்கும் சம்பளமாம்! கத்துக்கிடுததுக்குச் சம்பளம்! அப்ப வாத்தியாரு பீஸ் கட்டணும் போல. கடையில நாற்காலி வேற உண்டாம். உருப்படுமா? ஒரு வருசத்துல இழுத்து மூடிருவான், நீங்க பாத்துக்கிட்டே இருங்க. ஆனா முன்ன வேலை பாத்த எடத்துல இருந்து ஒரு லெட்டர் கேக்கானாம். இன்ன கடையில இத்தனை வருசம் நின்னாங்கன்னு. அது இருந்தாக் கூடச் சம்பளம், இல்லைன்னா புது ஆளுக்குள்ள சம்பளம். அந்த லெட்டருக்கு இசக்கி எத்தனை தடவை கடைக்கு நடந்துட்டா. நான் கேட்டேன், ஏட்டி, நீ எங்க வேலை பாத்த? கத்துக்கிட்டுல்லா இருந்த? கத்துக்கிட்டவளுக்கு அனுபவம்னு எப்பிடி எழுத? பொய் எழுதச் சொல்லுதியா? என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கு.

கண்ணு கலங்கிட்டு அவளுக்கு. அதைப் பாத்து எனக்கும் ஒரு மாதிரித்தான் ஆயிட்டு, பொய் சொல்ல மாட்டேன். அதான் இப்ப எறங்கி வந்து எழுதிக் கொண்டு போறேன். இந்தா, சட்டைப் பையில இருக்கு, வாசிக்கேன் கேளுங்க. "இசக்கியம்மாள் என்பவர் என் கடையில் வலது சுவரில் மட்டும் அனுபவம் பெற்றவர்." ஏன் முழிக்கிய? நான் கத்துக் குடுத்தது அதுதானே? இடது சுவரு திருட்டுச் சொத்து. திருட்டுச் சொத்துக்கு நான் ரசீது போட்டுக் குடுக்க முடியுமா? அதுவும் சும்மா குடுக்க மாட்டேன். திங்கக்கெழமை வந்து நிக்கணும், வந்து ஒரு வருசம் ஒழுங்கா நின்னாத்தான் இந்தப் பேப்பரு கைக்குப் போகும். சம்பளமா? பழைய சம்பளம்தான். பழம் வாங்குன செலவை நான் பிடிச்சுக்கிட மாட்டேன், அது என் கைக்காசு.

இருங்க... கொஞ்சம் பையைப் பிடிங்க. கிறுகிறுன்னு வருது. ஒன்னுமில்ல, மாத்திரை போட்டாச் சரியாயிரும். தண்ணி வச்சிருக்கியளா? நல்லது.

அண்ணாச்சி, நீங்க படிச்சவிய மாதிரி இருக்கிய. இதைக் கொஞ்சம் பாருங்க. இந்த வெள்ளையும் இந்த மஞ்சளும். இதுல காலையில போடுதது எது? அட்டையில போட்டிருக்கும்லா? பேருதான் போட்டிருக்கா... சரி. கடைசியா இருந்த கவர் தீந்து போச்சு, அதுல சூரியன் இருந்துது. இப்ப அட்டையா எடுத்தேன், எது எதுன்னு மட்டுப்படல. நேத்தும் முந்தாநாளும் வெள்ளையை ரெண்டு தடவை போட்டனா, மஞ்சளை ரெண்டு தடவை போட்டனா, அதுவும் ஞாபகத்துல இல்ல. கடைக்காரன் போயி இன்னொரு கடையில கேக்க முடியுமா? மானம் போயிரும்லா.

ஜெபராணிக்குப் போன் போட்டா எடுக்க மாட்டா, திமிரு பிடிச்சவ. இசக்கிக்குப் போடுதேன்.

ஹலோ? ஏட்டி இசக்கி, நான்தான். மொதலாளி. ஒன்னுமில்ல, உனக்கு ஞாபகம் இருக்கான்னு ஒரு டெஸ்ட் வைக்கேன். என் மாத்திரை இருக்குல்லா, வெள்ளை ஒன்னு, மஞ்சள் ஒன்னு... ம். ம். அப்பிடியா. அது ராத்திரிக்கா? ம். சரி, ஒரு பேச்சுக்கு வையி, ஒருத்தன் மாத்தி மாத்திப் போட்டுட்டான்னு வையி... ஏன் கத்துத? ஏன் கத்துதங்கேன்! போடல, இப்ப ஒன்னும் போடல, கையிலதான் இருக்கு. பஸ்ஸுல இருக்கேன். ஒரு கல்யாணத்துக்குப் போறேன். தலை லேசாக் கிறுகிறுங்குது, அம்புட்டுதான். எங்க? உங்க ஊரு விலக்குக்குப் பக்கத்துலதான் வாரேன். ஆஸ்பத்திரியா? அதெல்லாம் எதுக்கு... நீ எதுக்கு வாற? ஆட்டோவெல்லாம் வேண்டாம்ட்டி. சரி. சரி, எறங்குதேன். எறங்குதேன்னு சொல்லுதேன்லா.

என்னது? லெட்டரா? ஹலோ? ஹலோ... கேக்கலையே... ஹலோ...

சிக்னல் போயிட்டு, அண்ணாச்சி. என்ன, ஃபுல்லாக் காட்டுதா? உங்க போனுக்குக் காட்டும். நான் வச்சிருக்கது பழைய போனு.

கண்டக்டர், மடத்துப்பட்டி விலக்கு எறக்கம்! கொஞ்சம் கையைப் பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, படி ரெண்டா தெரியுது. பை, பை, பழத்தை விட்டுராதிய. அந்தா, ஆட்டோ பக்கத்துல நிக்கா பாருங்க, பச்சைத் துப்பட்டா. அதுக்குள்ள ஓடி வந்து நிக்கா. தலை கூடச் சீவல.

எறங்குததுக்கு முன்ன ஒன்னு சொல்லுதேன், நீங்களே ஞாயம் சொல்லுங்க. பிரஷரு மாத்திரை பூராவும் இடது சுவரு. இவளுக்கு நான் கத்துக் குடுத்தது வலது சுவரு மட்டுந்தான். இப்ப சொல்லுங்க, திருடியா இல்லையா?